தூரமா, கிட்டக்கவா

ஜூன் 12, வியாழன்

உப்பிலியபுரம் வண்டி உள்ளே வருவதற்கு முன்பே அது புறப்பட்டுப் போய்விட்டதாக எழுதிவிட்டேன். கண்டக்டர் வந்து என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "தைரியண்ணே, நாங்க இப்பத்தான் உள்ள வர்றோம். நீங்க எங்களை அனுப்பியே வச்சிட்டீங்களே" என்றான். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகம் வந்துவிடும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷமாக டைம் கீப்பர். தனியார் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, எழுதணும், விசில் அடிக்கணும். பத்தாவதோடு நின்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆறு மாதமாக வண்டியின் போர்டு தெரியவில்லை. ஹார்னை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உப்பிலியபுரம் வண்டிக்கு ஜலதோஷம் பிடித்த ஹார்ன், தூக்கத்தில்கூடச் சொல்வேன். நேற்று அதைக் கழற்றி வேறு வண்டிக்கு மாட்டிவிட்டார்களாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றக் கூடாதா?

ஜூன் 15, ஞாயிறு

இந்த டைரி பஸ் கம்பெனி கொடுத்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன், பக்கத்துக்கு ஏழு வரிதான் பிடிக்கிறது. போகிற போக்கைப் பார்த்தால் டிசம்பர் வருவதற்குள் டைரி தீர்ந்துவிடும்.

இன்று மதியம் என் மனைவி லூர்து சிலேட்டில் என்னவோ எழுதிக் காட்டினாள். கறுப்பில் சாம்பலாக ஒரு மூட்டம். அவ்வளவுதான் தெரிந்தது. "சரி" என்றேன். அவள் புருவம் இறங்கியது. தப்பித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி குரல் நரம்பைப் பிடித்திருந்தது, அதையும் சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது. அன்றிலிருந்து சிலேட்டும் பலப்பமும். மகள் ஃபெமினா போனில் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாள், நாம் எழுதினால் அது ஒரு பெண் குரலில் வாசிக்கும். லூர்து "சோறு ஆறுது, வாங்க" என்று எழுதினாள். ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பாரம் மாறிவிட்டது என்று சொல்கிற மாதிரி வந்தது. அன்றைக்கே அதை எடுத்துவிட்டாள்.

இப்போது படிக்க முடியாததால் தலையாட்டுவதில் நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். புருவம் மேலே போனால் கேள்வி, அதற்குச் "சரி". சிலேட்டை அடுப்படிப் பக்கம் ஆட்டினால் சமையல், அதற்கு "நல்லாருந்துச்சு". எழுதியதன் கீழே இரண்டு கோடு இழுத்தால் "இனிமே செய்ய மாட்டேன்". என்ன செய்தேன் என்று தெரியாமலே நாலைந்து முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

முதலாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தென்னூரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புரைதானாம். வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். டாக்டர் பெண்பிள்ளை. "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்றார். "பஸ் ஸ்டாண்டுலதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு கண்ணுக்கு இருபத்திரண்டாயிரத்து ஐநூறு.

போஸ்ட் ஆபீஸில் முப்பத்தோராயிரம் இருக்கிறது. அது லூர்துவின் தொண்டைக்கு. சென்னையில் குரல் நாணில் ஒரு ஊசி போட்டால் குரல் பாதியாவது திரும்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அறுபது சேர்ந்ததும் போவதாக இருக்கிறோம். அதில் கை வைத்து எனக்குக் கண்ணா? இருக்கிற இடது கண்ணை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம். "இன்னும் கொஞ்சம் முத்தட்டுமே டாக்டர்" என்றேன். "இது என்ன தேங்காயா? முத்த முத்தக் கல்லாயிடும், எடுக்கறது எங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. முதலாளி சௌக்கியம் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் அற்புதசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கூட்டிப் போகிறவர்.

"தைரியராஜ், இந்த வயசுல இந்த மனசு யாருக்கு வரும்!"

"என்ன மனசு?"

"நடக்கிற மனசுதான். இருபத்தேழு உங்க நம்பர், இருபத்தெட்டு உங்க வீட்டம்மா நம்பர். காவித் துண்டு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

லூர்து பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மெல்ல விளங்கியது. புதன்கிழமை அவள் சிலேட்டைக் காட்டியபோது அடுப்படியில் வெண்டைக்காய் இருந்தது. குழம்பா பொரியலா என்று கேட்கிறாள் என நினைத்து, "தாராளமா. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பண்ணிடு" என்றேன்.

நூற்றைம்பது கிலோமீட்டர். ஆகஸ்ட் கடைசியில் ஆறு நாள் நடை.

ஜூன் 23, திங்கள்

மூன்றாம் பிளாட்பாரத்திலிருந்து டீக்கடைக்கு நடந்து பார்த்தேன். மூச்சு வாங்குகிறது.

ஜூன் 26, வியாழன்

ஃபெமினா கைலாசபுரத்திலிருந்து வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், அவள் பக்கத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லூர்து சிலேட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். புருவம் ஏறவில்லை, கோடு இல்லை. கொஞ்சம் குழம்பிப்போய், பொதுவாக, "அதான், அதான். நானும் அதைத்தான் சொல்றேன்" என்றேன்.

ஃபெமினா புரையேறி இருமினாள். "அப்பா, அம்மா என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'உங்க அப்பா ஒரு கழுதை'ன்னு."

நான் சிரித்தேன். ஃபெமினாவும் சிரித்தாள். லூர்து மட்டும் சிரிக்கவில்லை. பாதயாத்திரை விஷயத்தில் நான் முழித்ததிலிருந்தே அவளுக்குச் சந்தேகம் போலிருக்கிறது, அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். சிலேட்டை அழித்தாள். ஆணியில் மாட்டினாள். உள்ளே போய்விட்டாள்.

ஃபெமினா விடவில்லை. டீச்சர் இல்லையா. கால் மணியில் ஆஸ்பத்திரி, டாக்டர், விலை எல்லாவற்றையும் என்னிடமிருந்து வாங்கிவிட்டாள். "எவ்ளோ நாளா படிக்க முடியல?" என்று கேட்டாள். ஆறு மாசம் என்றேன்.

"ஆறு மாசமா அம்மா யார்கிட்டப்பா பேசிக்கிட்டு இருந்தாங்க?"

ஜூன் 27, வெள்ளி

சிலேட்டு ஆணியிலேயே இருக்கு. காலையில் காபி வந்தது, மதியம் சோறு வந்தது. ஒரு எழுத்து வரல. திட்டினாலாவது பரவாயில்ல. திட்டு லூர்து, நாலு எழுத்து எழுதித் திட்டேன். படிக்கத்தான் முடியாது, வாங்கிக்கவுமா முடியாது?

நான் என்ன தப்பா பண்ணேன்? அவ தொண்டைப் பணத்தைத் தொடக் கூடாதுன்னுதானே இருந்தேன். அது தப்பா?

தப்புதான் போல.

ஜூன் 28, சனி

வேலை முடிந்து வந்து வாசல் லைட்டைப் போட்டேன். நிலைப்படிக்கு உள்ளே தரையில் வெள்ளையாக என்னவோ கிடந்தது. குனிந்தால் சாக்பீஸில் ஒரு 'கு', ஒரு முழ நீளம். பக்கத்தில் 'ர', அப்புறம் 'ல்'. ஃபெமினா மறந்து வைத்துவிட்டுப் போன சாக்பீஸ் டப்பா காலியாகக் கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு எழுத்தோரமாக நடந்தேன். ஹாலைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, மாதா படத்துக்குக் கீழே திரும்பி, அடுப்படி வரைக்கும். நடந்து நடந்து படித்தது இதுதான்:

'குரல் போனப்ப நான் ஊமை ஆகலை. நீங்க படிக்காம தலையாட்டினப்பதான் ஆனேன்.'

கடைசி 'ஆனேன்' கேஸ் அடுப்புக்குக் கீழே முடிந்தது. அங்கே லூர்து நின்றுகொண்டிருந்தாள். புடவை முழுக்கச் சாக்பீஸ் தூள். முட்டி வலி உள்ளவள், தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து எப்படித்தான் எழுதினாளோ.

"படிச்சுட்டேன்" என்றேன்.

போஸ்ட் ஆபீஸ் புத்தகத்தை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். நான் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் திரும்ப எடுத்துப் பையில் வைத்து ஊக்கு குத்திவிட்டாள்.

பாதயாத்திரை யாருக்காக என்று கேட்டேன். தன் தொண்டைக்கு என்று சொல்வாள் என நினைத்தேன். விரலால் என் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். நான் தடுக்கி விழுவதையும் தோசைக்குச் சட்னி ஊற்றாமல் தட்டுக்கு வெளியே ஊற்றுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சிலேட்டைப் படிக்கவில்லை என்பதுதான் தெரியாது.

தரையை இரண்டு நாளைக்குத் துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

மூன்று பேருமாகத் தென்னூர் போனோம். ஸ்கேன், பிரஷர், சுகர், எல்லாம் தனித்தனிச் சீட்டு. கடைசியில் ஆரிஃபா என்று ஒரு பெண் எங்களை உட்கார வைத்து லென்ஸ் விவரம் சொன்னாள். ஃபெமினாவைவிடப் பொறுமையான டீச்சர்.

"அங்கிள், புரையை எடுத்துட்டு உள்ள ஒரு லென்ஸ் வைப்போம். சாதா லென்ஸ்ல ஏதாவது ஒரு தூரம்தான் தெளிவாத் தெரியும். தூரத்துக்கு வச்சா படிக்கக் கண்ணாடி போடணும். கிட்டக்க வச்சா வெளியில போறப்ப கண்ணாடி போடணும். உங்களுக்குத் தூரமா, கிட்டக்கவா?"

"ரெண்டும் வேணும்னா?"

"அதுக்கு வேற லென்ஸ் இருக்கு அங்கிள். அறுபத்தெட்டாயிரம்."

"ஒண்ணே போதும்மா" என்றேன்.

அவளே மெதுவாக இன்னொன்று சொன்னாள். அடுத்த மாதம் அவர்கள் நடத்தும் முகாமில் வந்தால் ஒரு பைசா செலவில்லை. ஆனால் முகாமில் எல்லாருக்கும் தூரம் தெரிகிற பவர்தான் வைப்பார்கள். கிட்டக்க வேண்டும் என்றால் இருபத்திரண்டாயிரத்து ஐநூறு கட்டித்தான் ஆகணும்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. தூரம் தெரிந்தால் பஸ் போர்டு தெரியும், வேலை நிற்கும். தொண்டைப் பணமும் நிற்கும். படிக்க நூற்றைம்பது ரூபாய்க்குத் தெப்பக்குளத்தில் ஒரு கண்ணாடி. ஓசியில் காரியம் முடிந்தது.

வரும் வழியில் ஃபெமினா, "ஸ்கூட்டி வாங்க வச்சிருக்கிற பணம் இருக்குப்பா. அறுபத்தெட்டாயிரத்தையே போட்டுடலாம்" என்றாள். "நீ ஸ்கூட்டியிலயே வா, நான் அதைத் தூரத்துல இருந்து பாக்கறேன்" என்றேன்.



ஜூலை 3, வியாழன்

எங்கள் ஸ்ரீரங்கத்தில் ஆளுக்கு ஒரு யோசனை. எதிர்வீட்டு சத்யபாமா மாமிக்குப் போன வருஷம்தான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். "பேசாம தூரமே வெச்சுக்கோங்கோ. நேக்கு மொட்டை மாடியிலேர்ந்து ராஜகோபுரத்துக் கலசம் அத்தனையும் எண்ணிச் சொல்ல முடியறது" என்றார். "எத்தனை மாமி?" என்றேன். "அதை எண்ணினாத்தானே" என்றார்.

கண்டக்டரும் தூரம்தான் சொன்னான். முதலாளியும் தூரம்தான் சொன்னார். எல்லாரும் ஒரே கட்சி.

ஜூலை 5, சனி

தோற்றுப்போனேன். எழுதி வைக்கிறேன்.

சாப்பிடும்போது லூர்து என் சட்டைப் பையிலிருந்து இப்போது உதவாத பழைய படிக்கிற கண்ணாடியை எடுத்து, அலமாரிக்கு மேலே வைத்தாள். என்ன என்று கேட்டேன். பொறு என்று கையைக் காட்டிவிட்டு, சிலேட்டில் எழுதி நீட்டினாள், நீட்டியபடியே கண்ணாடி இருக்கிற பக்கம் தலையை ஆட்டினாள். எழுந்தேன், கை கழுவினேன், அலமாரியைத் தடவினேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பினேன். சிலேட்டு காலி. அழித்துவிட்டாள்.

திரும்ப எழுதினாள். கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னாள். அதே கதை. மூன்றாவது தடவை நான் ஓடியே பார்த்தேன். அப்போதும் காலி.

அப்புறம் ஃபெமினாவுக்குப் போன் போட்டு, எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஃபெமினா எனக்குப் படித்துச் சொன்னாள்: "'கண்ணாடி தேடி எடுக்கறதுக்குள்ள எனக்குச் சொல்லணும்கிற ஆசையே போயிடும். பஸ் எங்கயும் போகாது, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மூக்கு மேல கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாருங்க. வீட்டுக்கு வந்தா கழட்டிடுங்க.' அவ்ளோதான்ப்பா."

அப்புறம் அவளே சொன்னாள்: "அம்மா சொல்றது சரிதான்ப்பா."

சரிதான். முப்பத்தோரு வருஷம் தூரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 7, திங்கள்

போஸ்ட் ஆபீஸில் பணம் எடுத்தேன். ஊக்கைக் கழற்ற வரவில்லை, கவுண்டரில் இருந்த பெண்தான் கழற்றிக் கொடுத்தாள்.

"கிட்டக்கன்னு நிச்சயமாச் சொல்றீங்களா அங்கிள்? டிரைவிங் ஏதாவது உண்டா?" என்று ஆஸ்பத்திரியில் ஆரிஃபா இரண்டு தடவை கேட்டாள். "நான் ஓட்டறதில்லம்மா, ஓட்டறவங்களை விரட்டறதுதான்" என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

ஆனது. ஆபரேஷன் பதினைந்து நிமிஷம். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று எழுத ஆசை, ஆனால் செபஸ்தியாரிடமிருந்து மாதா வரைக்கும் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். டாக்டர், "வாயை ஆட்டாதீங்க, கண்ணும் ஆடுது" என்றார். மிச்சத்தை மனசுக்குள் சொன்னேன்.

இதை ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். கோடு எங்கே போகிறதோ.

ஜூலை 10, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து மங்கல்தான், எதிர்பார்த்ததுதான். நர்ஸ் என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார், கடைசி வரி வரைக்கும் படித்தேன். அச்சடித்தவர் பெயரையும் சேர்த்துப் படித்தேன்.

அப்புறம் லூர்து கிட்டே வந்தாள். அவள் கழுத்துத் தழும்பு தடியாக இருக்கும் என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நூல் மாதிரி இருக்கிறது. சிலேட்டை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நான் சிலேட்டைப் பார்க்கவில்லை. எழுதும்போது அவள் வாய் அசைகிறது. ஒவ்வொரு சொல்லையும் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறாள். இது எனக்குத் தெரியவே தெரியாது.

சிலேட்டில், 'என்ன அப்படிப் பாக்கறீங்க?'

அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தலைக்குத் தண்ணி ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, இதெல்லாம் முடியும்.

ஜூலை 13, ஞாயிறு

சொட்டு மருந்து ஆறு வேளை. பாட்டில் நானூற்று எண்பது, பேக்கேஜில் சேராதாம். லூர்துதான் விடுகிறாள். விட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணைத் திறக்கவிட மாட்டாள். திறந்ததும் அந்த ஐந்து நிமிஷத்தில் எழுதி வைத்தது தயாராக இருக்கும்.

இரண்டு மாதம் வெயிலில், தூசியில் நடக்கக் கூடாதாம். அற்புதசாமியிடம் இருபத்தேழாம் நம்பரை எடுத்துவிடச் சொன்னேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பக் கஷ்டப்பட்டேன். வீட்டுக்கு வந்தால் சிலேட்டில்: 'மாதா உங்களுக்கு லீவு குடுத்துட்டா. எனக்குக் குடுக்கல.'

ஆகஸ்ட் 11, திங்கள்

தூரத்துக்குக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். "அண்ணே, ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கீங்க" என்றான் கண்டக்டர். போர்டு எல்லாம் தெரிகிறது. ஸ்ரீரங்கம் வண்டியின் பின்கண்ணாடியில் கீறல், இவ்வளவு நாள் பறவைப் படம் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

லூர்து நேற்று வேளாங்கண்ணியிலிருந்து திரும்பினாள். ஆறு நாள் நடந்தாள், காலில் நாலு கொப்புளம். நான் பஸ்ஸில் போய்க் கூட்டி வந்தேன். வழி முழுக்க, யார் யார் எங்கே உட்கார்ந்துவிட்டார்கள், அற்புதசாமிக்கே எப்படிக் கால் சுளுக்கியது, எல்லாம் எழுதினாள். தஞ்சாவூர் தாண்டும்போது பலப்பம் தீர்ந்துவிட்டது. அப்புறம் என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். அதுவும் படிக்க வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை லூர்துவோடு சண்டை. இரண்டு வருஷத்தில் இது மாதிரி ஒரு சண்டை போட்டதில்லை. மத்தி மீனில் தொடங்கியது. மத்தி வாங்கினால் சத்யபாமா மாமி வீட்டு வரைக்கும் வாசம் போகிறது என்றாள். ஜன்னலைச் சாத்து என்றேன். மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எப்படியோ பணத்துக்கு வந்துவிட்டோம்.

நான் சொன்னது: இடது கண்ணுக்கு அவசரம் இல்லை, முற்றினால் முகாமிலேயே செய்துகொள்ளலாம். அதற்குத் தூரம் வைக்கட்டும், செலவே இல்லை. புத்தகத்தில் மிச்சம் இருப்பதோடு சேர்த்து, கிறிஸ்துமஸ் போனஸையும் போட்டு, ஃபெமினாவிடம் கொஞ்சம் கைமாற்று வாங்கிக்கொண்டு தை மாதம் சென்னைக்குப் போய் ஊசி போட்டுவிட வேண்டும்.

அவள் சொன்னது: பாதி வருமா முழுசா வருமா என்று தெரியாத குரலுக்கு அவ்வளவு பணமா? இப்போது என்ன குறைச்சல்?

நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று எழுத, சிலேட்டின் ஒரு பக்கம் போதவில்லை. பின்பக்கமும் திருப்பி எழுதினாள். எனக்குப் பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோது நான் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தது வரைக்கும் வந்துவிட்டது. பத்து மணிக்கு இரண்டு பேரும் களைத்துப்போய் உட்கார்ந்தோம். காபி போட்டுக் கொண்டுவந்தாள். சிலேட்டை நன்றாகத் துடைத்து, மூலையில் சின்ன எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'சரி, போவோம். ஆனா குரல் வந்துச்சுன்னா இதைவிட ஜாஸ்தி திட்டுவேன். பரவாயில்லையா?'

யோசிக்க ஒரு நாள் டைம் கேட்டிருக்கிறேன்.